டெய்லர் கடை பையில் அணுகுண்டு டிசைன்! அணு ஆயுதத் தொழில்நுட்பம் கள்ளச்சந்தையில் பரவியது எப்படி? தடுப்பது யார்? முழு விளக்கம்

2003 அக்டோபர் மாதம். துபாயில் இருந்து கிளம்பி, சூயஸ் கால்வாயைத் தாண்டி, லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது 'பிபிசி சைனா' என்ற சரக்குக் கப்பல். ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான கப்பல் இது. பேரில் பிபிசி இருந்தாலும், செய்தி நிறுவனத்துக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

நடுவழியில் அந்தக் கப்பல் இத்தாலியின் டரான்டோ துறைமுகத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 5 கன்டெய்னர்கள் இறக்கி சோதனையிடப்பட்டன. சரக்குப் பட்டியலில் எழுதியிருந்தது, 'பயன்படுத்திய இயந்திர பாகங்கள்'. உள்ளே இருந்தது, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்களுக்கான ஆயிரக்கணக்கான பாகங்கள்.

கப்பலில் குண்டு இல்லை, யுரேனியமும் இல்லை. பார்த்தால் ஏதோ தொழிற்சாலை சாமான் மாதிரிதான் இருந்தது. ஆனால் இந்த ஒரு சோதனைதான், உலகின் மிகப்பெரிய அணு ஆயுதக் கள்ளச்சந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அணு ஆயுதம் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகுது? தடுக்க என்ன சட்டம் இருக்கு? இந்தியாவில் நிலைமை என்ன? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

பேரழிவு ஆயுதம் என்றால் என்ன?

ஒரே தாக்குதலில் கணக்கில்லாமல் மக்களைக் கொல்லக்கூடிய ஆயுதங்களைத்தான் பேரழிவு ஆயுதங்கள் என்கிறோம். பொதுவாக மூன்று வகை. மூன்றுக்கும் தனித்தனி சர்வதேச ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

* அணு ஆயுதம்: 1970-ல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், சுருக்கமாக என்.பி.டி. சோதனை செய்வது வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை.
* உயிரியல் ஆயுதம்: நோய்க்கிருமிகளை ஆயுதமாக்குவது. 1975-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தம் இதைத் தடை செய்கிறது. ஆனால் நேரில் போய் சோதனை செய்ய இதற்கென ஒரு அமைப்பு கிடையாது.
* ரசாயன ஆயுதம்: சரின், மஸ்டர்ட் போன்ற நச்சு வாயுக்கள். 1997-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் இதற்கென்றே கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. உறுப்பு நாடுகள் கணக்கு காட்டிய கையிருப்பு முழுவதும் 2023 ஜூலையோடு அழிக்கப்பட்டுவிட்டது.

இந்த மூன்றில் இப்போது நாம் பார்க்கப்போவது அணு ஆயுதம்.

அணுகுண்டு செய்வதில் எது கஷ்டம்?

அணுகுண்டு எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை அறிவியல் இன்று ரகசியம் இல்லை. கஷ்டம், அதற்கான மூலப்பொருளைத் தயாரிப்பதில்தான்.

மண்ணில் இருந்து எடுக்கும் யுரேனியத்தில், அணுவைப் பிளக்க உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான் இருக்கும். மின்சாரம் எடுக்கும் பெரும்பாலான அணு உலைகளுக்கு இதை 3 முதல் 5 சதவீதமாக உயர்த்தணும். குண்டுக்கு என்றால் சுமார் 90 சதவீதம். இப்படி உயர்த்துவதைத்தான் செறிவூட்டல் என்கிறார்கள்.

இதைச் செய்யும் இயந்திரம்தான் சென்ட்ரிஃபியூஜ். வாஷிங் மெஷினில் துணி பிழியும்போது, டிரம் வேகமாகச் சுற்ற, துணியெல்லாம் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? கிட்டத்தட்ட அதே தத்துவம்தான். யுரேனியத்தை வாயுவாக மாற்றி, ஒரு நீளமான உருளைக்குள் விட்டு, ஒலியை விட வேகமாகச் சுற்றுவார்கள். கனமான அணுக்கள் ஓரத்துக்குப் போகும். கொஞ்சம் லேசான யுரேனியம்-235 நடுப்பக்கம் தங்கும். அதைப் பிரித்து அடுத்த இயந்திரத்துக்கு அனுப்புவார்கள்.

ஒரு இயந்திரம் பிரிப்பது ரொம்பக் கொஞ்சம். அதனால் ஆயிரக்கணக்கில் வரிசையாக இணைக்கணும். ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கணும், இல்லாவிட்டால் சுற்றும் வேகத்தில் சிதறிவிடும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த இயந்திரத்துக்குத் தேவையான அலுமினியக் குழாய், விசேஷ எஃகு, பேரிங், வால்வு, வெற்றிட பம்ப், மின்சார அதிர்வெண் மாற்றி போன்றவற்றில் பலவற்றுக்கு சாதாரண தொழிற்சாலைகளிலும் வேலை இருக்கு. இவற்றை 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்கள்' என்கிறார்கள். ஒரே பொருள் எண்ணெய் ஆலைக்கும் போகலாம், குண்டு ஆலைக்கும் போகலாம்.

யார் இந்த ஏ.க்யூ.கான்?

அப்துல் காதீர் கான். 1936-ல் போபாலில் பிறந்தவர். 1952-ல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். ஐரோப்பாவில் உலோகவியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார்.

1972-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரிட்டன், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி மூன்றும் சேர்ந்து நடத்திய 'யுரென்கோ' என்ற செறிவூட்டல் கூட்டமைப்புக்கு ஒப்பந்த வேலை செய்த நிறுவனம் அது. சென்ட்ரிஃபியூஜ் குறித்த ஜெர்மன் ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையும் அவரிடம் வந்தது.

1974 மே 18-ல் இந்தியா பொக்ரானில் முதல் அணு சோதனையை நடத்தியது. அந்த ஆண்டே, பாகிஸ்தானுக்கு உதவத் தயார் என்று அப்போதைய பிரதமர் சுல்பிகர் அலி பூட்டோவுக்கு கான் கடிதம் எழுதினார். 1975 டிசம்பரில் நாடு திரும்பினார். கூடவே சென்ட்ரிஃபியூஜ் வடிவமைப்பு விவரங்களும், உதிரி பாகம் சப்ளை செய்யும் ஐரோப்பிய நிறுவனங்கள் பற்றிய தகவல்களும் பாகிஸ்தானுக்குப் போயின. இஸ்லாமாபாத்துக்கு அருகே கஹுட்டாவில் ஆலை எழுந்தது.

1983-ல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் இல்லாமலேயே வழக்கை விசாரித்து 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் சம்மன் முறையாகக் கொடுக்கப்படவில்லை என்ற காரணத்தால் 1985-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

1998 மே மாதம் பாகிஸ்தான் அணு சோதனை நடத்தியபோது, கான் அங்கே தேசிய நாயகன் ஆனார்.

வாங்கும் கடை, விற்கும் கடையானது எப்படி?

பாகிஸ்தானுக்காக ஐரோப்பா முழுவதும் பாகங்கள் வாங்க ஒரு நெட்வொர்க் தேவைப்பட்டது. இடைத்தரகர்கள், போலி நிறுவனங்கள், துபாய் வழியாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு எல்லாம் உருவானது. பாகிஸ்தானின் தேவை நிறைவேறிய பிறகும் அந்த நெட்வொர்க் கலையவில்லை. அதே ஆட்கள், அதே பாதை. இப்போது மற்ற நாடுகளுக்கு விற்கத் தொடங்கினார்கள்.

* ஈரான்: 1987-ல் துபாயில் நடந்த சந்திப்பில், சென்ட்ரிஃபியூஜ் பாகங்களும் வரைபடங்களும் விலை பேசப்பட்டன.
* வட கொரியா: சுமார் இரண்டு டஜன் சென்ட்ரிஃபியூஜ்களை கான் கொடுத்ததாக, பாகிஸ்தான் முன்னாள் அதிபர் முஷாரஃப் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.
* லிபியா: 1997-ல் 20 முழு சென்ட்ரிஃபியூஜ்கள் போனது. பிறகு 10,000 இயந்திரங்களுக்கு ஆர்டர். குண்டின் டிசைனும் சேர்த்தே விற்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மூன்று நாடுகளுமே அப்போது என்.பி.டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தவை.

ஒரு இயந்திரம், எத்தனை நாடு?

லிபியாவின் ஆர்டரை நிறைவேற்ற கான் நெட்வொர்க் செய்த வேலையைப் பார்த்தால், ஏதோ கார் கம்பெனி உதிரி பாகம் வாங்குவது மாதிரி இருக்கும்.

மலேசியாவின் ஷா ஆலமில் 'ஸ்கோப்' என்ற நிறுவனத்திடம் பாகங்கள் செய்யும் ஆர்டர் போனது. ஆர்டரை ஏற்பாடு செய்தவர் பி.எஸ்.ஏ.தாஹிர். துபாயில் தொழில் செய்த இலங்கைத் தொழிலதிபர் இவர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் உர்ஸ் டின்னர், அந்த ஆலையிலேயே இருந்து தயாரிப்பை மேற்பார்வை செய்தார். மோட்டார், மின்சாதனங்கள் துருக்கியில் இருந்து. வாயுவை ஏற்றி இறக்கும் குழாய் அமைப்பு தென் ஆப்பிரிக்காவில்.

எண்ணெய், எரிவாயுத் துறைக்கான பாகங்கள் என்றே நினைத்ததாக மலேசிய நிறுவனம் பிறகு விளக்கம் கொடுத்தது. மலேசிய போலீஸும் அதை ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால், லேத் பட்டறையில் தினமும் செய்கிற சாமான் மாதிரிதான் இருக்கும். ஒரு நாட்டில் செய்தவருக்கு, இன்னொரு நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லாதபடி வேலை பிரிக்கப்பட்டிருந்தது.

எப்படி சிக்கியது?

அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் கான் நெட்வொர்க்கை சில ஆண்டுகளாகவே கண்காணித்து வந்தன. பிபிசி சைனா கப்பலில் ஏறிய சரக்கு பற்றிய தகவலும் அப்படித்தான் கிடைத்தது.

கப்பல் சிக்கிய இரண்டே மாதத்தில், 2003 டிசம்பர் 19-ல், பேரழிவு ஆயுதத் திட்டங்களைக் கைவிடுவதாக லிபியா அறிவித்தது. அதற்கு முன்பே அமெரிக்கா, பிரிட்டனோடு ரகசியப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டது அதை வேகப்படுத்தியது. 2004 ஜனவரியில் முக்கியமான சாதனங்களும் ஆவணங்களும் விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன.

அப்போதுதான் லிபியா அந்த குண்டு டிசைனையும் ஒப்படைத்தது. இஸ்லாமாபாத்தில் உள்ள ஒரு டெய்லர் கடையின் பிளாஸ்டிக் பையில் அந்தத் தாள்கள் வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. டிசைன், 1960-களின் சீன குண்டை அடிப்படையாகக் கொண்டது.

2004 பிப்ரவரி 4-ல் பாகிஸ்தான் அரசு டிவியில் தோன்றிய கான், எல்லாப் பொறுப்பையும் தானே ஏற்பதாகச் சொன்னார். மறுநாளே முஷாரஃப் மன்னிப்பு வழங்கினார். கான் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். பின்னாளில் தன் வாக்குமூலத்தில் இருந்து கான் பின்வாங்கினார். அரசுக்குத் தெரியாமல் ஒருவர் இவ்வளவும் செய்திருக்க முடியுமா என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது. 2009-ல் விடுவிக்கப்பட்ட கான், 2021 அக்டோபர் 10-ல் காலமானார்.

இன்னொரு விஷயம். கப்பலை நிறுத்தி சோதனை செய்தபோதே ஒரு கன்டெய்னர் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. 2004 மார்ச்சில் அது லிபியாவுக்கே போய்ச் சேர்ந்தது. திட்டத்தைக் கைவிட்ட லிபியாவே தகவல் சொன்ன பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

ஒப்பந்தம் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

என்.பி.டி ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்தும். அணு ஆயுதம் இல்லாத நாடு அதைச் செய்யக் கூடாது, ஆயுதம் உள்ள நாடு அதைக் கொடுக்கக் கூடாது. விதி இதுதான்.

ஆனால் கான் நெட்வொர்க்கில் பாகங்களைச் செய்ததும் கடத்தியதும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். பாகிஸ்தான் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. மலேசியாவில் இதுபோன்ற பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த அப்போது முழுமையான சட்டம் கிடையாது. துபாயில் சரக்கு இறக்கி வேறு பெயரில் ஏற்றுவது சுலபமாக இருந்தது. பல நாடுகளில் நடந்த வேலையை அந்தந்த நாட்டுச் சட்டப்படி குற்றம் என்று நிரூபிப்பதே கஷ்டமானது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஐ.நா பாதுகாப்பு கவுன்சிலின் 1540-வது தீர்மானம். 2004 ஏப்ரல் 28-ல் ஒருமனதாக நிறைவேறியது. அரசு அல்லாத யாரும் பேரழிவு ஆயுதங்களைச் செய்வதையும் கடத்துவதையும் தடுக்கும் வகையில், எல்லா நாடுகளும் உள்நாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டும், ஏற்றுமதியையும் எல்லையையும் கண்காணிக்க வேண்டும் என்று இது கட்டாயமாக்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாத நாட்டுக்கும் இது பொருந்தும். மலேசியா 2010-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இப்போது தடுப்பு வேலை எப்படி நடக்கிறது?

நான்கு இடங்களில் சல்லடை போடுகிறார்கள்.

* உரிமம்: அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகள் குழு, ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழு, ரசாயன-உயிரியல் பொருட்களுக்கான ஆஸ்திரேலியா குழு, வாசனார் ஏற்பாடு என நான்கு குழுக்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி செய்ய அரசிடம் உரிமம் வாங்கணும்.
* சுங்கத்துறை: பில்லில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது.
* நடுக்கடல்: சந்தேகக் கப்பல்களை நிறுத்தி சோதிக்க 2003-ல் அமெரிக்கா தொடங்கிய பி.எஸ்.ஐ கூட்டு முயற்சி. இந்தியா இதில் சேரவில்லை.
* ஆலை: சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கேமரா, சீல் வைத்துக் கண்காணிப்பார்கள். சுவரிலும் இயந்திரத்திலும் பஞ்சுத் துணியால் துடைத்து எடுத்துப் போய் ஆய்வு செய்வார்கள். கண்ணுக்குத் தெரியாத யுரேனியத் துகள்கூட, அங்கே என்ன நடந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தியாவில் என்ன சட்டம்?

இந்தியா என்.பி.டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1967-க்கு முன் சோதனை நடத்திய 5 நாடுகள் மட்டும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்பது பாரபட்சம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. இந்தியாவின் 1974 சோதனைக்குப் பதிலடியாக உருவானதுதான் அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகள் குழு. 2008-ல் அந்தக் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. ஆனால் உறுப்பினராக இன்னும் சேர்க்கவில்லை. மற்ற மூன்று குழுக்களிலும் 2016 முதல் 2018-க்குள் இந்தியா இணைந்துவிட்டது.

உள்நாட்டில் பேரழிவு ஆயுதங்கள் சட்டம் 2005-ல் வந்தது. இந்த ஆயுதங்களைச் சட்டவிரோதமாகத் தயாரித்தாலோ கைமாற்றினாலோ, குறைந்தது 5 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. 2022-ல் செய்த திருத்தம், இதற்குப் பணம் கொடுப்பதையும் தடை செய்தது. சொத்துகளை முடக்கவும் வழி செய்தது.

அன்றாட வணிகத்தைத் தொடுவது 'ஸ்கோமெட்' பட்டியல். வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகம் வெளியிடும் இதில் ரசாயனங்கள், நுண்ணுயிரிகள், உலோகங்கள், இயந்திரங்கள், மென்பொருள் எல்லாம் அடக்கம். அரிப்பைத் தாங்கும் சில வகை பம்ப், வால்வுகளும் துல்லிய இயந்திரங்களும்கூட கட்டுப்பாட்டுக்குள் வரும். கோவையோ, சென்னையோ, ராஜ்கோட்டோ, எங்கிருந்து அனுப்பினாலும் விதி ஒன்றுதான். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது.

ஏற்றுமதியாளர் உஷாராக வேண்டிய இடங்கள் எவை? பொருளை யார் பயன்படுத்தப்போகிறார் என்று சொல்லத் தயங்கும் வாடிக்கையாளர். சந்தை விலையை விட அதிகம் கொடுத்து, அதுவும் ரொக்கமாகத் தருகிறேன் என்பவர். இன்ஸ்டலேஷன், சர்வீஸ் எதுவும் வேண்டாம் என்பவர். அந்தப் பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத தொழில் செய்யும் நிறுவனம். சுற்றி வளைத்து மூன்றாவது நாடு வழியாக அனுப்பச் சொல்வது. கான் நெட்வொர்க்கும் இப்படி சுற்றி வளைத்துத்தான் சரக்கை நகர்த்தியது.

இதெல்லாம் போதுமா?

முழுமையாகப் போதாது என்பதுதான் உண்மை. இயந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம், கற்றுக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியாது.

ஈரானின் ஐ.ஆர்-1 சென்ட்ரிஃபியூஜ், கான் கொடுத்த பி-1 வடிவமைப்பின் வாரிசு. 2015 ஒப்பந்தத்தில் செறிவூட்டலைக் குறைக்க ஈரான் ஒப்புக்கொண்டது. 2018-ல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது. 2021 முதல் ஈரான் 60 சதவீதம் வரை செறிவூட்டியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசின. தாக்குதலுக்கு முன் ஈரானிடம் 400 கிலோவுக்கு மேல் 60 சதவீத யுரேனியம் இருந்ததாக சர்வதேச முகமை கணக்கிட்டது.

வட கொரியா 2003-ல் என்.பி.டி-யில் இருந்து விலகி, 2006 முதல் 2017 வரை 6 சோதனைகளை நடத்தியது.

லிபியா மட்டும்தான் எல்லாவற்றையும் ஒப்படைத்தது. ஆனால் 2011-ல் நேட்டோ படைகளின் வான் தாக்குதலோடு நடந்த உள்நாட்டுப் போரில் கடாஃபி ஆட்சி கவிழ்ந்து, அவரும் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, ஆயுதத்தைக் கைவிட வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று வட கொரியா சொன்னது. 'கொடுத்தால் என்ன கதி' என்று கேட்கும் நாட்டுக்கு, உருப்படியான பதில் இன்றுவரை இல்லை.

அதேபோல, ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று 5 வல்லரசுகளும் என்.பி.டி-யில் வாக்குக் கொடுத்திருக்கின்றன. 50 ஆண்டுக்கும் மேல் ஆகியும் உலகில் 12,000-க்கும் அதிகமான அணு ஆயுதங்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பகுதி அமெரிக்கா, ரஷ்யாவிடம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* அணு ஆயுதம் குண்டாகப் பரவுவதில்லை. பாகம் பாகமாக, சாதாரண வணிகப் பாதையில் பரவுகிறது.
* நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் மட்டும் போதாது என்பதை கான் நெட்வொர்க் காட்டியது. அதன் பிறகே தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன.
* உரிமம், சுங்கச் சோதனை, கப்பல் சோதனை, ஆலை ஆய்வு ஆகிய நான்கும் சேர்ந்து பரவலைத் தாமதப்படுத்தும். அந்த அவகாசத்தில் பேசித் தீர்ப்பதுதான் அரசுகளின் வேலை.

பிபிசி சைனா கப்பலின் பட்டியலில் இருந்தது 'பயன்படுத்திய இயந்திர பாகங்கள்' என்ற ஒரே வரி. அதைச் சந்தேகப்பட்டு பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவர் இருந்ததால்தான் லிபியாவின் 10,000 சென்ட்ரிஃபியூஜ் கனவு அங்கேயே நின்றது. அதே கப்பலில் ஒரு பெட்டி தப்பியும் போனது. இன்றும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இந்த வேலை இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.